செம்புப் பட்டையில் வைத்த பொட்டு

அண்ணா,

இன்றைக்குக் காலையில் கடையில் ஒருத்தனை அறைந்துவிட்டேன். சாதாரண அறை இல்லை. எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் டியூபை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நீ இருந்திருந்தால், "அடிக்கிறதுன்னா உள்ள கூட்டிட்டுப் போய் அடி பாப்பா, கஸ்டமர் வர்ற நேரம்" என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பாய்.

வந்தவன் ஒரு புது சப்ளையர். வாய்க்கு வாய் மேடம். பையிலிருந்து பஸ் பார் பட்டைகளை எடுத்து பெஞ்சில் அடுக்கினான். "அசல் காப்பர் மேடம். நீங்க வாங்குற ரேட்ல பாதிக்குத் தரேன்." ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்த உடனேயே எரிச்சல் வந்துவிட்டது. கனமே இல்லை. வைஸில் பூட்டி ரம்பம் போட்டேன். மேல்தோல் மட்டும் சிவப்பு. உள்ளே அலுமினியம் வெள்ளைவெளேரென்று பல்லைக் காட்டியது. வெட்கப்படுவான் என்று பார்த்தால், அவன் சிரிக்கிறான்! "யாருக்கு மேடம் தெரியப்போகுது? உங்கண்ணன் காலத்துலயே இந்தக் கடையில இதான் ஓடிச்சாமே? மார்க்கெட்ல பேசிக்கிட்டாங்க" என்றான்.

அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் அறை. பட்டைகளை எடுத்துத் தெருவில் வீசினேன். அவன் பொறுக்கிக்கொண்டே கன்னடத்தில் திட்டினான். நானும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தேன், நீ சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல்.

அவன் போன பிறகும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் அலமாரியிலிருந்து நம்முடைய காப்பர் பட்டையை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். அறுக்க அறுக்கச் சூடேறி, அந்தத் தூளிலிருந்து வாசனை வந்தது. சில்லறையைக் கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த வாசனை. உன் சட்டையில், தலைமுடியில், சோறு பிசைகிற விரலில்கூட இருந்த வாசனை. ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாவி, போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானம் வேறொன்றும் நடந்தது. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

காருக்கு ஒரு பேட்டரி போதும். ஆனால் உன்னிடம் கார் ஸ்பீக்கர் மாட்ட வந்தவர்களுக்குப் பாட்டு கேட்டால் போதாது, பாட்டு அடிக்க வேண்டும். டிக்கியில் பேட்டரிகளை வரிசையாக வைத்து, ப்ளஸ் முனைகளை ஒரு பட்டையாலும் மைனஸ் முனைகளை இன்னொரு பட்டையாலும் சேர்த்துக் கட்டுவாய். அந்தப் பட்டைதான் பஸ் பார். பாட்டின் பேஸ் சத்தம் ஒரு குத்து குத்தினால் அத்தனை பேட்டரியின் கரண்ட்டும் அதன் வழியாகத்தான் பாய வேண்டும். நீ வால்யூமைத் திருப்பும்போது பக்கத்துக் கடையில் தொங்கும் கார் சக்கர ஹப் கேப்புகள் கலகலவென்று ஆடும். என் நெஞ்செலும்பை யாரோ உள்ளேயிருந்து உதைப்பதுபோல இருக்கும். நீ மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, குனிந்து, பட்டையின் மேல் கையை வைத்துப் பார்ப்பாய். சூடு ஏறியிருந்தால் அவ்வளவுதான், எல்லாவற்றையும் கழற்றிவிடுவாய்.

பட்டை எந்த உலோகம் என்பதில் நீ பிடித்த பிடி இருக்கிறதே! "பித்தள கல்யாண வீட்டுக்கு, அலுமினியம் ஜன்னலுக்கு, நமக்கு காப்பர்." இதை நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சண்டை போட்டிருப்பாய். பித்தளை பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கிறது என்று கேட்டு வந்த ஒரு பையனை, "அப்ப கழுத்துல மாட்டிக்க, கார்ல எதுக்கு?" என்று துரத்தினாய்.

என்னிடமே போட்டாயே ஒரு சண்டை. அலுமினியத்தையும் தடிமனாக, அகலமாகப் போட்டால் தாங்கும், மலிவாகவும் இருக்கும், கொஞ்சம் வாங்கி வைப்போம் என்று நான் சொன்னேன். நான் சொன்னது தப்பும் இல்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். நீ ஸ்பானரைச் சுவரில் எறிந்தாய். நான் டீ கிளாஸை எறிந்தேன். நான் எறிந்தது குறி தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்ட நர்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டபோது, "ரேக்ல இடிச்சிக்கிட்டேன் சிஸ்டர், ரேக்குக்குக் கோவம் ஜாஸ்தி" என்றாய். வெளியே வந்ததும் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அலுமினியம் மட்டும் கடைசிவரை கடைக்குள் வரவில்லை.

அப்படிப்பட்ட ஆள் நீ. கை முந்தும், வாய் அதற்கும் முன்னால் முந்தும். அதனால்தான் சதீஷ் விஷயத்தில் நீ நடந்துகொண்டது எனக்கு இத்தனை வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஜீவனஹள்ளி சதீஷ். காரில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறானா, ஸ்பீக்கருக்குக் கார் வைத்திருக்கிறானா என்று நீ கிண்டல் செய்வாயே, அவன். ஆயுத பூஜை நேரம், கடையில் நிற்க இடமில்லை. அவனுக்கு நீயே பார்த்துப் பார்த்துக் காப்பர் வெட்டி, ஓட்டை போட்டு, ஓரம் தேய்த்துக் கொடுத்தாய். மாட்டிவிடுகிறேன் என்றாய். அவன் கேட்கவில்லை. "அண்ணா, அம்மா புதுச் சாமான்னா பூஜையில வெக்கணும்னு சொல்லும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நானே மாட்டிக்கிறேன்" என்றான். நீ அவன் காரின் ஜன்னல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாய், நான் கேட்டேன்: "மாட்டுறதுக்கு முன்னாடி சாண்ட்பேப்பர் போட்டு பளபளன்னு தேச்சிடு. உலோகத்த உலோகம் தொடணும். நடுவுல ஒரு தூசி வரக்கூடாது."

நம் கடையிலும் பூஜை உண்டு. வைஸுக்கு, டிரில் மிஷினுக்கு, கல்லாப்பெட்டிக்கு எல்லாம் பொட்டு வைப்போம். ஆனால் பட்டையின் முனையில் வைக்க விடமாட்டாய். சாமிக்குக்கூட அந்த இடத்தில் அனுமதி இல்லை என்று நான் உன்னைக் கேலி செய்வேன்.

பூஜை முடிந்த கையோடு அத்திபெலே பக்கம் ஒரு மைதானத்தில் கார்களை நிறுத்தி யார் சத்தம் பெரிது என்று பார்த்தார்கள். சதீஷ் வால்யூமை ஏற்றினான். பேஸ் நாலு குத்து குத்தியிருக்கும், டிக்கியிலிருந்து புகை. அப்புறம் தீ. முட்டாள் பயல், பயத்தில் பட்டையையே வலது கையால் பிடித்து இழுத்திருக்கிறான். உள்ளங்கைத் தோல் பட்டையோடு போய்விட்டது.

மறுநாள் வந்தார்களே! கட்டுப்போட்ட கையோடு சதீஷும், அவன் கூட்டாளிகளும். ஒருத்தன் சாக்கைக் கவிழ்த்தான். கருகிப்போன பட்டைகள், நட்டும் போல்ட்டும் மாட்டியபடியே, பெஞ்சில் வந்து விழுந்தன. "அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசி ஏமாத்துறியா? என் கை போச்சுடா!" சதீஷின் அம்மா கனகம்மா பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கி, வாசலிலேயே நின்று, "வேணாண்டா, சண்ட வேணாண்டா" என்று அழுதார்கள். அவர்கள் விரல் நகத்தில் பூஜை மஞ்சள் இன்னும் போகவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. அலுமினியமா? நாமா? நான் ஒரு பட்டையைத் தூக்கிக்கொண்டு வைஸுக்கு ஓடினேன். நடுவில் ஒரு வெட்டு போட்டால் போதும். உள்ளே சிவப்பைப் பார்த்தால் அத்தனை பேர் வாயும் மூடிவிடும். அதற்குள் நீ இன்னொரு பட்டையில் நட்டைத் திருகிக் கழற்றிப் பார்த்துவிட்டாய். பார்த்தவன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாய். அப்புறம் என் கையைப் பிடித்தாய். நீ பிடித்த வேகத்தில் என் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது.

"விடு பாப்பா."

"வெட்டிக் காட்டுறேன்! விடுண்ணா!"

"விடுன்னு சொல்றேன்ல!"

அப்புறம் நீ அவர்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "காப்பர் சரியில்ல. நானும் ஏமாந்துட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றாய்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. சதீஷ் இடது கையால் உன்னை அறைந்தான். ஒருத்தன் வயிற்றில் உதைத்தான். நீ பெஞ்சில் சரிந்தபோது உன் உதடு கிழிந்து ரத்தம் பட்டையின் மேல் சொட்டியது. ஒரு பல் ஆடிப்போனது. நான் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன், ஒருத்தன் முட்டியைப் பேர்த்தும் விட்டேன். நீயோ அடி வாங்கிக்கொண்டே, "பாப்பா, வேணாம்" என்று என்னைத்தான் தடுத்தாய்! அவர்கள் ஷோகேஸ் கண்ணாடியை நொறுக்கிவிட்டு, பட்டைகளை வாரிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு சொன்னாய். நட்டுக்கு அடியில் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் அப்பி, காய்ந்து, கருகிக் கிடந்தது என்று. கனகம்மா ஒவ்வொரு முனையிலும், சரியாக அந்த ஓட்டையைச் சுற்றி, பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டைத் துடைப்பது ஆகாது என்று பையனும் அதன் மேலேயே மாட்டி முறுக்கியிருக்கிறான். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் குங்குமம். சூடு ஏறாமல் என்ன செய்யும்?

"அத அங்கயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

"சொன்னா அந்தம்மா என்ன ஆவாங்க?" என்றாய். "நீயும் சொல்லாத. என்மேல சத்தியம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. நானும் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன்: அந்தம்மா மனசு நோகும், அதற்காக. எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் இன்னொரு பல்லையும் நானே ஆட்டியிருப்பேன். அந்தம்மா மனசு நோகக்கூடாது, என் மனசு நொறுங்கலாமா? காப்பருக்காக ஊரையே பகைத்துக்கொண்ட ஆளுக்கு டூப்ளிகேட் காப்பர்காரன் என்று பெயர். பழைய கஸ்டமர்கள் ஒவ்வொருத்தராக நின்றார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள், உன் கண் முன்னாலேயே. நீ வேறு பக்கம் திரும்பிக்கொள்வாய். ஓசூர் ரோட்டில் அந்த லாரி உன்னை அடித்துப் போட்ட அன்று, உன் கால்மாட்டில் நின்றுகொண்டே ஒருத்தர் சொல்கிறார்: "நல்ல வேலக்காரன். அந்த டூப்ளிகேட் விஷயம்தான் ஒரு கறை." உன்மேல் செய்த சத்தியம் மட்டும் இல்லாவிட்டால் அவரையும் உன் பக்கத்தில் படுக்க வைத்திருப்பேன்.

இப்போது மத்தியானத்துக்கு வருகிறேன்.

தலை நிமிர்ந்தால் வாசலில் கனகம்மா நிற்கிறார்கள். ரொம்ப இளைத்துவிட்டார்கள். தெருமுனையில் சதீஷின் கார். உன்னைப் பார்த்தாலே மண்ணை வாரித் தூற்றுகிற குடும்பம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்ன, இன்னும் திட்டுறதுக்கு பாக்கி இருக்கா? ஆளே இல்லையே" என்றேன்.

அவர்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "அண்ணன் போனது இப்பதாம்மா தெரிஞ்சிது. அந்தப் பட்டையில பொட்டு வெச்சது நான். தொடைக்காதடான்னு சொன்னதும் நான்."

நான் பூட்டி வைத்திருந்த விஷயத்தை அவர்கள் என் முன்னால் போடுகிறார்கள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பட்டையெல்லாம் இங்கேர்ந்து எடுத்துட்டுப் போயி எங்க வாசல்ல போட்டாங்க. கழுவலாம்னு எடுத்தேன். நட்டுக்கு அடியில என் குங்குமம். பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன்கிட்ட சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். நடுவுல எதுனா இருந்தா எரியுமாப்பான்னு. எரியாம என்னம்மான்னான். அன்னிக்கே உங்கண்ணன்கிட்ட ஓடி வந்தேன், நீ கடையில இல்ல. என்ன வாயத் தொறக்கவே விடல. கையெடுத்துக் கும்பிட்டு, தப்பு என்னோடதும்மா, நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லவேணாம், வீட்டுக்குப் போங்கன்னு ஆட்டோ புடிச்சி அனுப்பிட்டாரு. டம்ளர் கைலேர்ந்து நழுவுறப்பல்லாம் எம் மவன் உங்கண்ணன சபிப்பான். நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருப்பேன். நீயாவது என்னத் திட்டும்மா. யாராவது என்னத் திட்டுங்களேன்!"

திட்டினேன் அண்ணா. மரியாதைக்காக நிறுத்தவில்லை. உன் பல், உன் பெயர், நகத்தால் சுரண்டினவர்கள், கால்மாட்டில் நின்று பேசினவர், எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கொட்டினேன். பெஞ்சை ஓங்கிக் குத்தியதில் என் கை முட்டியே வீங்கிவிட்டது. அவர்கள் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி அழுதார்கள். கடைசியில் நானும் அழுதேன். உன்னையும் திட்டினேன். பெரிய மனசு பண்ணுகிறேன் என்று இரண்டு பொம்பளைகளைத் தனித்தனியாக வேகவைத்துவிட்டுப் போய்விட்டான் பார் என்று.

சத்தம் கேட்டு சதீஷ் காரிலிருந்து இறங்கி வந்தான். "இங்க எதுக்கும்மா வந்த? மார்க்கெட்னு சொல்லிட்டு?" கனகம்மா எழுந்து அவன் முகத்தைப் பார்த்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். பொட்டு, நட்டு, எலக்ட்ரீசியன் எல்லாம்.

அவன் தன்னுடைய வலது கையைப் பார்த்தான். மடங்காத அந்த விரல்களைப் பார்த்தான். அப்புறம் அவன் முகம் மாறியதே, அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "நீயா? நீயா என் கைய...?" இடது கை ஓங்கிவிட்டது. கனகம்மா விலகவில்லை. தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்கள். அந்தச் சாய்ப்பிலேயே தெரிந்துவிட்டது அண்ணா. இது முதல் தடவை இல்லை.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. அவன் மணிக்கட்டு என் பிடியில் இருந்தது. உன்னை அறைந்த அதே கை. என் நகம் அவன் சதையில் இறங்கி ரத்தம் வந்தது. அவன் உதறினான், நான் விடவில்லை. கொஞ்சநேரத்தில் அவன் கை தளர்ந்தது. பெஞ்சில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"அக்கா... அப்ப அண்ணன் குடுத்தது அசல்தானா?"

"அசல்தான்டா."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல? நான் அந்த அடி அடிச்சேனே, ஏன் சொல்லல?"

அம்மாமேல் ஓங்கிய அந்தக் கையைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"இதுக்குத்தான்டா" என்றேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் போனை எடுத்து அன்று வந்த கூட்டாளி ஒருத்தனைக் கூப்பிட்டான். "குரு, அந்த அடுகோடி கடை அண்ணன் குடுத்தது அசல் காப்பர் குரு. நம்மதான் தப்பு பண்ணிட்டோம். எல்லாருக்கும் சொல்லு." நான் போகச் சொல்லும்வரை ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கனகம்மாவை அவனோடு அனுப்பவில்லை. ரெண்டு நாள் என்னோடு இருக்கட்டும், அப்புறம் நீ வா, வந்து எனக்கு முன்னால் பேசு என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்றைக்கு நான் வைஸைப் பார்த்து நின்றேன், அண்ணா. வாசலைப் பார்த்து நின்றவன் நீ. "வேணாண்டா" என்று அழுத கனகம்மாவை சதீஷ் எப்படிப் பார்த்தான், அவர்கள் எப்படி ஒதுங்கினார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். அந்தக் கை அன்று எங்கேயாவது விழாமல் அடங்காது, அது உன்மேலேயே விழட்டும் என்று நின்றிருக்கிறாய். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தடியா. நான் உன்னைத் திட்டிய திட்டெல்லாம் இப்போது எங்கே போய்த் திரும்ப எடுப்பேன்?

உன் கோபம் முழுசாக என்னிடம் இருக்கிறது, ஒரு பொட்டு குறையாமல். காலையில் அந்த சப்ளையர் கன்னத்தில் விழுந்தது அதுதான். ஆனால் மத்தியானம் சதீஷின் கையைப் பிடித்தேனே, அந்தப் பிடி என்னுடையது இல்லை. வளையல் உடைய என் கையைப் பிடித்தாயே, அதே பிடி. அது என் கையில் எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. இனி இறங்காது.

உன்
பாப்பா